நிலையான முகவரியும் தேடிக் கிடைக்கும் தகவலும்

(அரசுத் துறைகளின் தகவல் பிரிவு அலுவலர்களும் பொருளாதார மாணவர்களும் கூடிய பயிற்சி வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

வளர்ச்சித் திட்டம் ஒன்றின் பயன் இரண்டு கட்டங்களைக் கடந்தே மக்களைச் சென்றடைகிறது. நிதி ஒதுக்கி, விதிமுறைகளை வகுத்து, செயற்படுத்தும் பொறுப்பை உரிய துறையிடம் ஒப்படைப்பது முதற்கட்டம். அத்தகைய திட்டம் ஒன்று உண்டு என்பதையும், அதற்கு விண்ணப்பிக்கும் முறை இன்னது என்பதையும் பயனாளி அறிந்துகொள்வது இரண்டாம் கட்டம். முதற்கட்டத்திற்குச் செலுத்தப்படும் கவனத்தில் ஒரு சிறு பகுதியும் இரண்டாம் கட்டத்திற்குக் கிடைப்பதில்லை என்பது நிருவாக அனுபவம்.

தகவலைத் தேடுவதற்கும் ஒரு செலவு உண்டு என்பதைப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் ஸ்டிக்லர் 1961-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில் விளக்கினார். 1982-இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டபோது பாராட்டப்பட்ட பணிகளுள் இதுவும் இடம்பெற்றது. தேடும் செலவு அனைவர் மீதும் ஒரே அளவாக விழுவதில்லை. நகரத்தில் வாழும் பட்டதாரி பத்து நிமிடத்தில் கண்டறியும் விண்ணப்பப் படிவத்திற்காகக் கிராமத்துக் கூலித் தொழிலாளி ஒரு நாள் ஊதியத்தை இழக்கக்கூடும். இடைத்தரகருக்குப் பணம் கொடுக்கவும் நேரலாம். இச்செலவைக் குறைப்பதற்கான எளிய வழிகளுள் ஒன்று, அரசின் இணையப் பக்கங்களுக்கு ஒழுங்கான முகவரி அமைப்பதாகும். வெறும் தொழில்நுட்பச் செய்தி என்று கணிப்பொறிப் பிரிவிடம் விட்டுவிடப்படும் இப்பொருள், உண்மையில் நிருவாகப் பொருளே ஆகும்.

ஆறு இலக்கங்கள் தரும் பாடம்

முகவரியை ஒழுங்குபடுத்துவதில் இந்திய நிருவாகத்திற்கு முன் அனுபவம் இல்லாமல் இல்லை. 1972 ஆகஸ்டு 15 அன்று அஞ்சல் குறியீட்டு எண் முறை நடைமுறைக்கு வந்தது. ஊர்ப் பெயர்கள் பல மொழிகளில் பலவாறு எழுதப்பட்டதாலும், ஒரே பெயரில் பல ஊர்கள் இருந்ததாலும் கடிதங்களைப் பிரிப்பதில் நேர்ந்த குழப்பத்தை ஆறு இலக்கங்கள் தீர்த்தன. முதல் இலக்கம் பெரும் மண்டலத்தையும், இரண்டாவது அதன் உட்பிரிவையும், மூன்றாவது பிரிப்பு மாவட்டத்தையும், இறுதி மூன்று இலக்கங்கள் பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்தையும் குறிக்கின்றன. 600 001 என்று எழுதப்பட்ட உறையை, தமிழோ ஆங்கிலமோ அறியாத அஞ்சல் ஊழியரும் சென்னையின் தலைமை அஞ்சலகத்திற்கு அனுப்பிவிட முடியும்.

இம்முறையின் சிறப்புகள் மூன்று. முதலாவது, அது பெரிதிலிருந்து சிறிதை நோக்கி ஒழுங்காக இறங்கிச் செல்கிறது. இரண்டாவது, ஓர் இடத்திற்கு ஒரே எண் என்னும் உறுதி அதில் உண்டு. மூன்றாவது, ஊரின் பெயர் மாறினும் எண் மாறுவதில்லை. மதராஸ் 1996-இல் சென்னையாயிற்று. ஆயினும் அஞ்சல் எண்ணில் மாற்றம் ஏதும் தேவைப்படவில்லை. இணைய முகவரிக்கும் இம்மூன்று சிறப்புகளே இலக்கணமாகும்.

1994 டிசம்பரில் வரையறுக்கப்பட்ட இணைய முகவரி முறை, தகவல் செல்லும் முறை, களப்பெயர், பாதை, வினவல் என்னும் பகுதிகளைக் கொண்டது. களப்பெயர் எந்த நிறுவனத்தின் வழங்கி என்பதைக் காட்டும். பாதை, அந்நிறுவனத்தின் தகவல்களுள் குறிப்பிட்ட பக்கம் எது என்பதைச் சாய்கோடுகளால் பிரித்துக் காட்டும். வினாக்குறிக்குப் பின் வரும் வினவல் பகுதி, தரவுத் தளத்திலிருந்து எதை எடுத்துத் தர வேண்டும் என்று கணிப்பொறிக்கு இடப்படும் ஆணையாகும்.

தேடுபொறி முகவரியை நோக்கும் விதம்

தேடுபொறியின் பணி மூன்று படிகளில் நிகழ்கிறது. அதன் நிரல்கள் ஓர் இணைப்பிலிருந்து மற்றோர் இணைப்பிற்குச் சென்று பக்கங்களைப் படிக்கின்றன, படித்தவற்றை அட்டவணைப்படுத்துகின்றன, பயனர் கேட்கும்போது தகுதிக்கேற்ப வரிசைப்படுத்தித் தருகின்றன. இம்மூன்று படிகளிலும் ஒரு பக்கத்தை அடையாளம் காட்டுவது அதன் முகவரியே. இரண்டு முகவரிகளில் ஒரே பக்கம் இருப்பின், தேடுபொறி அவற்றை முதலில் இரண்டு பக்கங்களாகவே கொள்ளும். பின்னரே ஒப்பிட்டு அறியும்.

முகவரியில் தேடற் சொற்களை அடுக்கி வைத்தால் வரிசையில் முதலிடம் கிடைக்கும் என்னும் நம்பிக்கை பரவலாக உள்ளது. இது பெரும்பாலும் தவறானது. முகவரியில் உள்ள சொற்கள் மட்டும் வரிசையை உயர்த்துவதில் மிகச் சிறிய பங்கே வகிக்கின்றன என்று கூகுள் நிறுவனத்தின் வழிகாட்டியே கூறுகிறது. அங்ஙனமாயின் முகவரி அமைப்பிற்கு இத்துணை முக்கியத்துவம் ஏன் என்ற வினா எழும். அதற்கான விடை, முகவரியில் சேமிக்கப்படும் மதிப்பில் உள்ளது.

1998-இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக மாணவர்களாக இருந்த லாரி பேஜ், செர்கே பிரின் ஆகிய இருவரும் வெளியிட்ட தரவரிசை முறை, ஒரு பக்கத்தைப் பிற பக்கங்கள் எந்த அளவுக்குச் சுட்டுகின்றன என்பதை அதன் மதிப்பிற்கு ஓர் அளவுகோலாகக் கொண்டது. பின்னர் வேறு பல அளவுகோல்கள் சேர்க்கப்பட்டபோதிலும் இணைப்புகள் தம் மதிப்பை இழந்துவிடவில்லை. ஒரு செய்தித்தாளோ பல்கலைக்கழகமோ அரசுப் பக்கம் ஒன்றைச் சுட்டும்போது, அம்மதிப்பு அந்த முகவரியின் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. பத்தாண்டுகள் மாறாதிருக்கும் முகவரி, பத்தாண்டுகள் வட்டி சேர்ந்த வைப்புத் தொகையை ஒத்தது. தளத்தைப் புதுப்பிக்கிறோம் என்று கூறி எல்லா முகவரிகளையும் ஒரே இரவில் மாற்றுவது, அக்கணக்கை மூடிவிட்டுச் சுழியத்திலிருந்து தொடங்குவதாகும். ஆகவே, முகவரி அமைப்பின் முதன்மையான விதி, மாறாத முகவரியை முதலிலேயே சிந்தித்து அமைப்பதாகும்.

தெளிவும் இதனுடன் இணைந்து வர வேண்டும். 'காட்டு?எண்=4471' என முடியும் முகவரி, அதைப் படிப்பவருக்கு ஒன்றும் உணர்த்தாது. 'உதவித்தொகை/பள்ளி-மாணவர்/விண்ணப்பம்' என்னும் வடிவில் அமைந்த முகவரி, தேடல் முடிவுகளில் தோன்றும்போதே உள்ளடக்கத்தை உணர்த்திவிடும். பயனர் தயங்காமல் அதைத் தேர்ந்தெடுப்பார். சொற்களைப் பிரிப்பதற்கு அடிக்கோட்டைக் காட்டிலும் இடைக்கோடு ஏற்றது. ஆங்கில எழுத்துகளைப் பயன்படுத்துமிடத்து எல்லாவற்றையும் சிற்றெழுத்துகளாகவே வைத்தல் நலம். களப்பெயரில் பேரெழுத்து, சிற்றெழுத்து வேறுபாடு இல்லையெனினும், பாதைப் பகுதியில் அவை வெவ்வேறு முகவரிகளாகக் கொள்ளப்படும். பார்வையாளர் ஒவ்வொருவருக்கும் தனி அமர்வு எண்ணை முகவரியில் ஒட்டும் வழக்கம் முற்றிலும் தவிர்க்கத்தக்கது. ஒரே பக்கத்திற்குக் கணக்கற்ற முகவரிகளை அது தோற்றுவிப்பதால், தேடுபொறியின் நேரம் போலிப் படிகளில் வீணாகி, உண்மையான புதிய பக்கங்கள் படிக்கப்படாமல் போகின்றன.

அமைச்சகங்கள் மாறும், பணிகள் தொடரும்

அரசுத் தளங்களின் முகவரிகள் நிலைக்காமைக்கு முதன்மையான காரணம், நிருவாக அமைப்பையே முகவரியாக எழுதுவதாகும். அமைச்சகம், துறை, பிரிவு, அப்பிரிவின் சுருக்கப் பெயர் என்று அடுக்கப்படும் முகவரி, அலுவலகத்தின் உள்ளே இருப்பவருக்கு இயல்பாகத் தோன்றலாம். ஆனால் நிருவாக அமைப்பு மாறிக்கொண்டே இருப்பது. 2015 ஜனவரி 1 அன்று திட்டக் குழுவின் இடத்தில் நிதி ஆயோக் அமைந்தது. 2019-இல் நீர்வளமும் குடிநீரும் ஜல் சக்தி அமைச்சகத்தில் ஒன்றிணைந்தன. 2020-இல் மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் மீண்டும் கல்வி அமைச்சகம் எனப் பெயர் பெற்றது. இவற்றுள் ஒவ்வொரு மாற்றத்திற்கும் நிருவாகக் காரணம் உண்டு. எனினும் கல்வி உதவித்தொகை நாடும் மாணவிக்கு, அதை வழங்கும் அமைச்சகத்தின் பெயர் தேவையற்ற செய்தியாகும்.

இதன் விளைவைப் பொருளாதார மாணவர்கள் நேரில் உணர்ந்திருப்பர். பன்னிரண்டு ஐந்தாண்டுத் திட்டங்களின் ஆவணங்களும் இந்தியப் பொருளாதார வரலாற்றின் மூலச் சான்றுகள். திட்டக் குழுவின் பெயரைத் தாங்கிய பழைய இணைய முகவரிகளை அடிக்குறிப்பில் தந்துள்ள ஆய்வேடுகள், இன்று வாசகரை அவ்வாவணங்களை வேறிடத்தில் தேடும்படி செய்கின்றன. பிற நாடுகளிலும் நிலை இதுவே. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்புகளில் மேற்கோளாகக் காட்டப்பட்ட இணைய முகவரிகளில் பாதியளவு, முதலில் சுட்டிய தகவலைத் தரவில்லை என்று ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட கட்டுரை காட்டியது. 2013-இல் இருந்த இணையப் பக்கங்களுள் 38 விழுக்காடு பத்தாண்டுகளுக்குப் பின் கிடைக்கவில்லை என்று பியூ ஆய்வு மையம் 2024-இல் அறிவித்தது.

இதற்கான தீர்வை நூலக இயல் நெடுங்காலத்திற்கு முன்பே கண்டது. 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன் 1933-இல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறையில், நூலின் எண் அதன் பொருளைக் குறிக்கிறது. நூல் எந்த அலமாரியில் உள்ளது, எந்த அலுவலரின் பொறுப்பில் உள்ளது என்பவற்றை அது குறிப்பதில்லை. அலமாரி மாறலாம், பொருள் மாறாது. அரசின் இணைய முகவரியும் சேவையின் பொருளைத் தழுவி அமையுமாயின், அமைச்சகம் மாறியபோதும் அது நிலைத்து நிற்கும்.

இவ்வகையில் மாவட்டத் தளங்களின் முகவரி முறை பாராட்டத்தக்கது. 1976-இல் நிறுவப்பட்ட தேசியத் தகவலியல் மையத்தின் களத்தின்கீழ், மாவட்டத்தின் பெயரையே முதலில் கொண்டு அவை அமைந்துள்ளன. மதுரையின் முகவரியை அறிந்தவர் ஈரோட்டின் முகவரியைத் தாமே ஊகித்துக்கொள்ள இயலும். ஊகிக்கத்தக்க முகவரி தேடும் செலவையே நீக்கிவிடுகிறது. அதே நேரத்தில், ஊர்ப் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலும் மாறக்கூடியது என்பதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். தமிழ்நாட்டில் 1,018 ஊர்களின் ஆங்கிலப் பெயர்களை மாற்றி 2020 ஜூனில் வெளியிடப்பட்ட ஆணை, சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. அத்தகைய மாற்றம் நிலைபெறும் காலங்களில் பழைய எழுத்துக்கூட்டலில் தேடுவோரையும் சரியான பக்கத்திற்குக் கொண்டுசேர்க்கும் ஏற்பாடு தேவைப்படும்.

அந்த ஏற்பாடே நிலையான வழிமாற்றம் எனப்படுவது. ஒருவர் வீடு மாறும்போது அஞ்சலகத்தில் புதிய முகவரியை எழுதிக் கொடுப்பதற்கு இது ஒப்பானது. பழைய முகவரிக்கு வருவோரிடம் வழங்கி 301 என்னும் குறியீட்டைத் தந்து புதிய முகவரிக்கு அனுப்பும். தேடுபொறியும் பழைய முகவரியின் மதிப்பைப் புதியதற்கு மாற்றிக்கொள்ளும். குறைந்தது ஓராண்டு இவ்வழிமாற்றம் நீடிக்க வேண்டும் என்பது தேடுபொறிகளுக்கான பரிந்துரை. அரசு ஆவணங்களுக்கோ காலவரையறையின்றி நீடித்தல் வேண்டும். இதில் ஒரு தவறு அடிக்கடி நிகழ்கிறது. பழைய பக்கங்கள் அனைத்தையும் புதிய தளத்தின் முகப்புப் பக்கத்திற்கே திருப்பிவிடுவது அத்தவறாகும். படிவம் தேடி வந்தவரை அலுவலகத்தின் வாயிலில் நிறுத்திவிட்டுச் செல்வதற்கு இது நிகர். தேடுபொறியும் இதைப் பக்கம் இல்லாத நிலையாகவே கணக்கிடுகிறது. ஒவ்வொரு பழைய பக்கத்தையும் அதற்கு நேரான புதிய பக்கத்துடன் இணைக்கும் பட்டியல், தளம் மாற்றும் ஒப்பந்தத்தில் கட்டாயமாக இடம்பெற வேண்டும்.

மொழிக்கு ஒரு முகவரி

அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணை 22 மொழிகளை ஏற்றுள்ளது. அரசுத் தளங்கள் பல, பக்கத்தின் மூலையில் மொழி மாற்றும் பொத்தான் ஒன்றை வைத்துள்ளன. அப்பொத்தானை அழுத்தியதும் முகவரி மாறாமல் எழுத்து மட்டும் மாறுமாயின், தேடுபொறியைப் பொறுத்தவரை அத்தமிழ்ப் பக்கம் இல்லாத ஒன்றே. தேடுபொறியின் நிரல்கள் பொத்தானை அழுத்துவதில்லை. தமக்கு இன்ன மொழி வேண்டும் என்று கேட்பதும் இல்லை. முதலில் கிடைக்கும் மொழியை மட்டும் படித்துவிட்டுச் சென்றுவிடும். பொதுப் பணத்தைச் செலவிட்டு மொழிபெயர்த்த பக்கம், தமிழில் தேடுவோர்க்குக் கிட்டாமல் போக, அவ்விடத்தைத் தனியார் இடைத்தரகர்களின் பக்கங்கள் பிடித்துக்கொள்கின்றன. ஒவ்வொரு மொழி வடிவத்திற்கும் தனி முகவரி தருவதும், அவை ஒன்றுக்கொன்று மொழிபெயர்ப்பு என்பதைப் பக்கத்தின் குறிப்பில் அறிவிப்பதும் இக்குறையை நீக்கும்.

முகவரியையே தமிழில் எழுதுவதும் இன்று இயலும். இந்திய மொழிகளில் களப்பெயர் வழங்கும் திட்டத்தின்கீழ் '.இந்தியா' என்னும் தமிழ்க் களமும் உண்டு. பாதைப் பகுதியில் தமிழ்ச் சொற்கள் இருப்பதைத் தேடுபொறிகள் ஏற்கின்றன. நடைமுறை இடர் ஒன்று மட்டும் கருதத்தக்கது. தமிழின் ஒவ்வொரு குறியீடும் கணிப்பொறியில் மூன்று பைட்டு இடம் பெறுகிறது. முகவரியைப் படியெடுக்கும்போது ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியுடன் மூன்று எழுத்துகளாக விரிகிறது. 'தமிழ்' என்னும் ஒரு சொல் இவ்வாறு 45 எழுத்துகளாகிவிடும். ஆதலால் தமிழ் முகவரிகள் ஓரிரு சொற்களில் அமைவதும், சுவரொட்டியிலும் வானொலியிலும் அறிவிப்பதற்கெனக் குறுகிய முகவரி ஒன்று உடனிருப்பதும் நன்று.

போலி முகவரிகள்

ஒழுங்கற்ற முகவரிகளால் விளையும் மிகப் பெரிய தீங்கு, உண்மைக்கும் போலிக்கும் வேறுபாடு மறைவதாகும். தரம் அறிய இயலாத சந்தையில் தாழ்ந்த பொருள் நல்ல பொருளை விரட்டிவிடும் என்பதை ஜார்ஜ் அகர்லாப் 1970-இல் விளக்கினார். இணையத்திலும் இவ்விதி செயற்படுகிறது. உச்ச நீதிமன்றத்தின் பெயராலேயே போலித் தளம் அமைக்கப்பட்டிருப்பதாக 2023 ஆகஸ்டில் அதன் பதிவகம் பொதுமக்களை எச்சரிக்க நேர்ந்தது.

களப்பெயரை வலமிருந்து இடமாகப் படிக்கும் பழக்கம் இதற்கு ஒரு காப்பாகும். முதல் தனிச் சாய்கோட்டிற்கு முன், புள்ளிகளுக்கிடையே 'கவ்', 'இன்' என்று முடிவது அரசின் களம். அதே எழுத்துகளை இடைக்கோட்டால் இணைத்து, இறுதியில் வேறு களத்தை வைத்திருப்பது அரசின் தளம் அன்று. ஆயினும் அரசு நிறுவனங்கள் சில தாமே 'காம்', 'ஆர்க்' முதலிய பொதுக் களங்களில் தளம் நடத்துமாயின், மக்களுக்கு இப்பாடத்தைக் கற்பித்துப் பயனில்லை. வங்கித் துறை இதை உணர்ந்துள்ளது. 2025 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்கு மட்டுமே உரிய 'பேங்க்.இன்' களத்தை அறிவித்து, அவ்வாண்டு அக்டோபர் 31-க்குள் மாறுமாறு பணித்தது. வங்கியல்லாத எவரும் அக்களத்தில் இடம் பெற இயலாது என்பதே அதன் வலிமை.

செய்யத்தக்கவை

2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், அரசின் பதிவேடுகளை எளிதில் எடுக்கத்தக்கவாறு வரிசைப்படுத்தி அட்டவணைப்படுத்தல் வேண்டும் என்று நான்காம் பிரிவில் கூறுகிறது. மக்கள் மனுச் செய்ய வேண்டிய தேவையே குறையும் அளவுக்குத் தகவல்களைத் தாமே முன்வந்து வெளியிடுமாறும் அப்பிரிவு பணிக்கிறது. இச்சட்டம் வலியுறுத்தும் அட்டவணையின் இணைய வடிவமே முகவரி அமைப்பு எனலாம். 2009-இல் வெளியிடப்பட்டு, 2023-இல் மூன்றாம் பதிப்புக் கண்ட இந்திய அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிகளும் இத்திசையிலேயே செல்கின்றன.

இவற்றைச் செயலாக்குவதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. ஒவ்வொரு துறையும் தன் சேவைகளின் பட்டியலை எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரியை ஒதுக்கி, அம்முகவரிப் பதிவேட்டிற்குப் பொறுப்பான அலுவலர் ஒருவரைக் குறிப்பிடுதல் வேண்டும். ஆண்டறிக்கை போன்றவற்றிற்கு ஆண்டைத் தாங்கிய நிலையான முகவரியும், எப்போதும் அண்மைய அறிக்கையைக் காட்டும் பொது முகவரியும் தனித்தனியே இருத்தல் வேண்டும். புதிய அறிக்கையைப் பழையதன் முகவரியில் ஏற்றி, பழையதை மறையச் செய்வது ஆவணக் காப்புக்கு முரணானது. அரசாணைகளுக்கு 'ஸ்கேன் 12', 'இறுதி புதியது 2' போன்ற கோப்புப் பெயர்கள் இட்டு ஏற்றும் வழக்கம் கைவிடப்படல் வேண்டும். ஆணையின் எண்ணும் நாளும் பொருளுமே அதன் பெயராக அமையலாம். முகவரிகளின் முழுப் பட்டியலைத் தேடுபொறிகள் படிக்கும் தளவரைபடமாக வெளியிடும் முறையை முதன்மையான தேடுபொறிகள் 2006 முதல் பொதுவாக ஏற்றுள்ளன. ஓய்வு பெறும் திட்டங்களின் பக்கங்களை அழிப்பதற்கு மாறாக, திட்டம் முடிவுற்ற நாளையும் தொடர்ந்து வந்த திட்டத்தின் இணைப்பையும் அவற்றில் குறித்து வைத்தல் நலம்.

முன்னாளில் அரசு அலுவலகத்தில் கோப்பு எண் மாறாமல் காக்கப்பட்டது. எழுத்தர் மாறினும், அலுவலர் மாறினும், கட்டடமே மாறினும், எண்ணைச் சொன்னால் கோப்பு வந்தது. அந்த ஒழுங்கு இன்று அலுவலகத்தின் சுவர்களைக் கடந்து, கைப்பேசியில் ஒரு சொல்லைத் தட்டெழுதிக் காத்திருக்கும் ஒவ்வொரு குடிமகனுக்கும் தேவைப்படுகிறது. ஓர் அரசு இணைய முகவரி வெளியிடப்படும் நாளில் மக்களுக்கு ஒரு வாக்குறுதி அளிக்கப்படுகிறது. அவ்வாக்குறுதி காக்கப்படும் இடத்தில் தேடுபொறியின் முதலிடம் நாளடைவில் தானே வந்து சேரும். அதைவிட மேலாக, விதவை ஓய்வூதியத்திற்கோ விதை மானியத்திற்கோ விண்ணப்பிக்க முனைபவர், இடையில் எவருக்கும் காசு கொடாமல் உரிய வாயிலை நேரே வந்தடைவார்.